குளிர்நாட்டு உடையும் நம் நாட்டு வெயிலும்



தை மாதம் ஐந்தாம் நாள் எங்கள் மணலூர்ப்பேட்டைக்கு வந்தவர்கள் தென்பெண்ணையாற்றின் மணற்பரப்பை எளிதில் மறக்கமாட்டார்கள். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஆற்றுத் திருவிழா அன்று நடைபெறும். சுற்றுவட்டாரத்து மக்கள் மணல் தெரியாதபடி நிறைந்திருப்பர். அக்கூட்டத்தில் முதியவர் ஒருவரைச் சற்றே கூர்ந்து பாருங்கள். ஆற்றில் இறங்கும்போது வேட்டியை மடித்து முழங்காலுக்கு மேலே கட்டிக்கொள்கிறார். கரையேறியதும் அதை அவிழ்த்துவிட்டு, நுனியைக் கையிற் பிடித்து இரண்டு முறை உதறுகிறார். வெயில் ஏறினால் துண்டைத் தலையிற் சுற்றுகிறார். வாடை வீசினால் அதே துண்டைத் தோளிற் போர்த்துகிறார். இத்தனையும் செய்யும் அவர் தம் உடையைப் பற்றி ஒரு கணமேனும் எண்ணுவதில்லை. உடுத்தியவன் எண்ண வேண்டாதபடி உடலோடு ஒத்துப்போகும் உடையே நல்ல உடை என்பது என் கருத்து.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ, நம் வெயிலில் உடுத்தியவனை ஓயாமல் எண்ணச் செய்யும் ஓர் உடை. ஸ்காட்லாந்து நாட்டு மலைவாழ் மக்களின் உடை அது. கில்ட்டு என்று அதற்குப் பெயர். இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொங்கும், பின்புறம் கொசுவம் வைத்துத் தைத்த, கட்டம் போட்ட கம்பளி உடை. பிரிட்டனின் வட கோடியில், மழையும் மூடுபனியும் நிறைந்த மலைகளிற் பிறந்த இந்த உடைக்கும், சித்திரையில் நாற்பது பாகை வெப்பத்தைத் தொடும் நம் பக்கத்துச் செம்மண் பூமிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் நாட்டில் பள்ளிக்கூடத்து வாத்தியக் குழு அணிவகுத்துச் செல்லும்போது பிள்ளைகளின் உடையைப் பாருங்கள். தோளில் குறுக்கே கட்டம் போட்ட சால்வை, இடுப்பில் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை, முழங்கால் வரை தடித்த காலுறை. வெள்ளைக்காரப் படைகளின் பைக்குழல் வாத்தியக் குழுக்களிலிருந்து நம் படைகளுக்கும், படைகளிலிருந்து நம் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்த கோலம் அது.

அக்கோலத்தை ஒரு காலத்தில் நானும் பிள்ளைகளுக்குப் பூட்டினேன். அதனால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இந்தப் பொருளை நான் ஆராய்வதற்குக் காரணமாயிற்று. ஆதலின் அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1989ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியிற் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்று தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியனாக இருந்தேன். வாத்தியக் குழுவின் பொறுப்பு என்னிடம் இருந்தது. படப் புத்தகம் ஒன்றிற் கண்ட மலைநாட்டுப் படையின் கோலம் என் மனத்தைக் கவர்ந்துவிட்டது. கம்பளி கலந்த தடித்த சிவப்புக் கட்டத்துணி வாங்கி, இருபது பிள்ளைகளுக்கும் அவ்வாறே தைக்கச் செய்தேன். மேலே கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை. காலில் கம்பளிக் காலுறை. தலையில் விளிம்பில்லாத தொப்பி. ஆகஸ்டு 15ஆம் நாள் சுதந்திர தின விழா. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம். தலைமை விருந்தினர் வருவதற்கு ஒன்பதரை ஆயிற்று. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது, காற்றில்லாத புழுக்கம்.

பெரிய முரசைத் தோளில் மாட்டி நின்ற எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருமுறை தள்ளாடினான். நான் அதைக் கண்டேன். கண்டும், கண்ணாலேயே அதட்டி, நேராக நில் என்று சைகை காட்டினேன். அவன் நேராக நின்றான். கொடி ஏறியது, வாத்தியம் முழங்கியது, மூன்றாவது வரியில் அவன் முரசோடு மண்ணில் விழுந்தான்.

அரசு மருத்துவமனையில் அவன் கண் விழிக்க ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த அவன் தாய் மண் படிந்த கையோடு ஓடி வந்தார். என் மீது கோபப்படவில்லை. மகனின் காலிலிருந்த காலுறையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கன்னுக்குட்டிய வெயில்ல கட்டினாக்கூட நெழலுக்கு மாத்திக் கட்டுவோமே சார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நேயர்களே, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அங்கே கிடைக்காத பாடமாக அமைந்தது.

அதன்பின்தான் இந்த உடையைப் பற்றிப் படிக்கலானேன். படித்ததையும் பட்டறிந்ததையும் முறையாகச் சொல்கிறேன்.

முதலில் கில்ட்டின் அமைப்பைக் காண்போம். முழு அளவில் தைத்த ஒரு கில்ட்டுக்கு எட்டு கெஜம் துணி செல்லும் என்பர். நம் கணக்கில் பதினாறு முழம். எட்டு முழ வேட்டியைப் போல இரு மடங்கு நீளம். அகலம் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை முழம். இத்தனை நீளமும் இடுப்பைச் சுற்றிய ஒரு சுற்றுக்குள் அடங்க வேண்டுமாதலால், பின்புறம் முழுவதும் நெருக்கமான மடிப்புகளாகக் கொசுவப்படுகிறது. மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைக்கப்பட்டு, அதற்குக் கீழே விடுதலையாகத் தொங்கும். முன்புறம் மடிப்பு இல்லை. இரண்டு தட்டையான பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருக்கும். தொப்புளுக்கு மேலேயே தோல் வாரும் கொக்கியும் கொண்டு இறுக்கிக் கட்டுவர். தடித்த கம்பளியில் தைத்தால் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். நம் மெல்லிய நாலு முழ வேட்டியோ கால் கிலோவுக்குள் அடங்கும். இதன்மேல் வயிற்றுக்கு முன்னே தொங்கும் தோற்பை, மேற்சட்டை, தோளிற் போடும் கம்பளிச் சால்வை, தடித்த காலுறை, கனத்த தோற்செருப்பு ஆகிய இத்தனையும் சேர்ந்ததே முழு மலைநாட்டுக் கோலம்.

இந்த உடை தொடக்கத்தில் இவ்வாறு தைத்த உடையாக இல்லை என்பது அறியத்தக்கது. முற்காலத்து மலைநாட்டார் நீண்ட கம்பளித் துணி ஒன்றைத் தரையில் விரித்து, கையால் கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து, இடுப்பில் வாரால் கட்டிக்கொண்டு எழுவர். கீழ்ப்பாதி இடையுடை, மேற்பாதி தோளிற் போர்வை. மழை வந்தால் தலைக்கு முக்காடு. இரவில் அவிழ்த்தால் படுக்கைக் கம்பளி. தையல் என்பதே இல்லை. நம் வேட்டியும் புடைவையும் எந்தக் கருத்தில் பிறந்தனவோ, அதே கருத்தில் பிறந்தது அது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் மேற்பாதியை நீக்கி, கீழ்ப்பாதியை மட்டும் உடுத்தும் சிறு கில்ட்டு பரவியது. 1746ஆம் ஆண்டு கலோடன் போரில் மலைநாட்டார் தோற்ற பின், அவர்கள் தம் உடையை அணியலாகாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 1782ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் நீங்கியது. ஆனால் அரசரின் படையிற் சேர்ந்த மலைநாட்டு வீரருக்கு மட்டும் அத்தடை இல்லை. சொந்த ஊரில் உடுத்தினால் குற்றம். படையில் உடுத்தினால் சீருடை! இதனால் கில்ட்டு மெல்ல மெல்லப் படைவீரனின் அடையாளமாயிற்று. படையோடு கடல் கடந்து வெப்ப நாடுகளுக்கும் சென்றது.

அப்படிச் சென்ற நாடுகளில் நம் தமிழ்நாடும் ஒன்று. 1780ஆம் ஆண்டு சனவரியில் மக்லௌடு பிரபுவின் மலைநாட்டுப் படை சென்னையில் வந்திறங்கியது. அன்று 73ஆம் படைப்பிரிவு எனப்பட்ட அது, பிற்காலத்தில் 71 என்னும் எண் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையிடம் ஆங்கிலப் படைப்பகுதி ஒன்று அழிந்தபோது, இப்படையின் சில அணிகளும் அதில் இருந்தன. மறு ஆண்டு சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியை எதிர்த்து நடந்த பெரும்போரிலும் இவர்கள் நின்றனர். 1783ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கடலூரில் பிரெஞ்சுக்காரருக்கு எதிரான முற்றுகையிலும் போரிட்டனர். சூன், சூலை மாதங்களில் கடலூர்ப் பக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்பதை இந்தப் பகுதி நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பனிநாட்டு மக்கள் அவ்வெயிலில் என்ன செய்தனர்? இந்தியாவிற் பணியாற்றிய மலைநாட்டுப் படைகள் பலவும் காலப்போக்கில் கில்ட்டை ஒதுக்கி, மெல்லிய வெள்ளைக் கால்சட்டைக்கு மாறின. உடை என்பது மானம், மரபு என்றெல்லாம் கொண்டவர்களையே வெப்பம் வழிக்குக் கொண்டுவந்தது. 1809ஆம் ஆண்டில் ஆறு மலைநாட்டுப் படைப்பிரிவுகள் கில்ட்டையே விட்டுவிட வேண்டும் என்று அரசே கட்டளையிட்டது. அதற்குச் சொன்ன காரணம் வேறு: பிற பகுதி இளைஞர்கள் அவ்வுடையை விரும்பாமையால் ஆள் சேரவில்லை என்பது.

வெயிலை மதியாதார் பட்ட பாட்டுக்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1857ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் வட இந்தியாவில் பத்தேபூரில் ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கு போரிட்டார். 78ஆம் மலைநாட்டுப் படைப்பிரிவும் அவருடன் இருந்தது. எதிரியின் குண்டுக்கு இரையான வெள்ளை வீரர் அன்று ஒருவருமில்லை. வெயில் தாக்கி மாண்டவர் பன்னிருவர். அது கில்ட்டின் குற்றம் மட்டுமன்று. நடையும் சுமையும் தாகமும் தடித்த துணியும் ஒன்றுசேர்ந்த குற்றம். எந்தப் பகைவனையும் விட வெயில் வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, வெயிலில் உடல் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம். இதை அறிந்துகொண்டால் எந்த உடையைப் பற்றியும் நாமே தீர்ப்புச் சொல்லலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ நூறு வாட்டு மின்விளக்கு ஒன்று வெளியிடும் அளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. முரசைச் சுமந்து நடந்தால் அது மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகும். இந்த வெப்பம் வெளியேறியே தீர வேண்டும். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ முப்பத்தைந்து பாகை. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானே காற்றுக்குச் செல்லும். வெளிக்காற்று முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாலோ, காற்றிலிருந்து வெப்பம் உடலுக்குள் வரத் தொடங்கும். அப்போது எஞ்சி நிற்கும் வழி ஒன்றே: வியர்வை.

மண்பானைத் தண்ணீர் எவ்வாறு குளிர்கிறது என்று நாலாம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறோம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நம் உடலும் ஒரு மண்பானையே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். முரசடிக்கும் சிறுவனுக்கு மணிக்கு அரை லிட்டர் அளவாவது இவ்வாறு ஆவியாக வேண்டியிருக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாகும் வியர்வையே குளிர்ச்சி தரும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் ஏறக்குறையப் பயனில்லை. உடலின் நீரும் உப்பும் வீணாவதே மிச்சம். புழுக்கமான நாளில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. அன்று அந்தப் பையன் விழுந்ததற்கு வெயிலைவிடப் புழுக்கமும், அப்புழுக்கத்தை அவன் உடலோடு சேர்த்துக் கட்டிய என் உடையுமே காரணம்.

இந்த அளவுகோலால் கில்ட்டை அளந்து பார்ப்போம். அதன் நல்ல குணங்களை முதலிற் சொல்வதே நேர்மை. கீழ்ப்புறம் திறந்த உடை அது. கால்சட்டையைப் போலத் தொடையைக் கவ்விப் பிடிப்பதில்லை. நடக்கும்போது பின்புறக் கொசுவம் அசைந்து துருத்தியைப் போல உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளி, புதுக்காற்றை உள்ளே இழுக்கும். இத்தகைய தளர்ந்த உடையின் சிறப்பை அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். பாலைவனத்து பெடோயின் மக்கள் கடும் வெயிலிலும் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980ஆம் ஆண்டு வெளிவந்தது. கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட மிகுதியான வெப்பத்தை ஏற்கிறது. எனினும் அங்கி தளர்ந்திருப்பதால், அந்த மிகுதி வெப்பம் துணிக்கும் உடலுக்கும் இடையே ஓடும் காற்றோடு போய்விடுகிறது. உடலை அடையும் வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது என்று கண்டனர். நிறத்தைவிடக் காற்றோட்டம் பெரிது என்பது இதனால் விளங்கும்.

குறைகள் எவை? முதலாவது, கில்ட்டின் இறுக்கமான இடுப்பு. சூடான காற்று மேல்நோக்கிச் செல்வது. அடுப்புக்குப் புகைபோக்கி போல, உடைக்கும் மேலே ஒரு வழி வேண்டும். தொப்புளுக்கு மேல் இறுக்கிக் கட்டிய வார் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆதலின் நடக்கும்வரை கில்ட்டு காற்றோட்டமுள்ளது. நின்றுவிட்டால் அடுப்பை மூடியது போலாகும். ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்ற பிள்ளைகளுக்குக் கொசுவத்தால் என்ன பயன்? இரண்டாவது, கம்பளியின் இயல்பு. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் ஈரமானதாகத் தோன்றாது. குளிர்நாட்டு மழையில் அது பெரும் நன்மை. மேலும் ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி சிறிது வெப்பத்தையும் வெளியிடும். அதுவும் அங்கே நன்மையே. இங்கேயோ வியர்வை துணிக்குள் சேர்ந்து, உடை கனத்து, இடுப்பும் தொடையும் உராய்ந்து புண்ணாகும். மூன்றாவது, கில்ட்டைவிட அதன் துணையுடைகள் செய்யும் கேடு. காலுறை, கழுத்துவரை மூடிய சட்டை, தோட்சால்வை, காற்றுப் புகாத தொப்பி ஆகியன உடல் வெப்பம் வெளியேறும் வாயில்களை ஒவ்வொன்றாக அடைக்கின்றன. வெறும் கில்ட்டு ஒருவனை வீழ்த்துவது அரிது. முழுக் கோலமே வீழ்த்துகிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். கட்டம் போட்ட துணி என்றால் உலகத்தார் ஸ்காட்லாந்தை நினைப்பர். ஆனால் கட்டத்துணி நெய்வதில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததன்று. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு என்னும் ஊர் உண்டு. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டிலேயே அங்குக் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கு நாடுகளுக்கு ஏற்றினர். இன்றும் மலாய் மக்கள் தாம் உடுத்தும் கட்டம் போட்ட கைலியைப் பழவேற்காட்டின் பெயரால் ‘கைன் பெலிகாட்’ என்று வழங்குகின்றனர். ஆப்பிரிக்காவின் நைசீரிய நாட்டில் கலாபாரி மக்கள் நம் சென்னைக் கட்டத்துணியைப் பிறப்புச் சடங்கு முதல் இறப்புச் சடங்கு வரை பயன்படுத்துகின்றனர். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி நெய்யும் இத்துணி பருத்தி. மெல்லியது, வியர்வையை உறிஞ்சிப் பரப்பி விரைவில் உலரவிடுவது. கில்ட்டின் அழகும் கைலியின் சுகமும் ஒரே துணியிற் கிடைக்குமானால், அது இத்துணியிலேதான்.

கைலியின் நுட்பத்தையும் எண்ணிப் பாருங்கள். வார் இல்லை, கொக்கி இல்லை. வயிறு நிறைந்தால் தளர்த்தலாம். ஓட வேண்டுமானால் மடித்துக் கட்டலாம். மடித்துக் கட்டிய கைலி கில்ட்டின் நீளமே. முழங்காலுக்குக் கீழே முழுக் காற்று. ஸ்காட்லாந்துக்காரன் எட்டு கெஜத்தில் தைத்து அடைந்ததை, நம் உழவன் நாலு முழத்திலேயே அடைந்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவனவன் மண்ணும் மழையும் கற்றுக்கொடுத்த பாடம் அது. கல்வராயன் மலைக்கு மார்கழியில் சென்று ஓர் இரவு தங்கினால், நமக்கும் கம்பளியின் அருமை தெரியும்.

அப்படியானால் வெப்ப நாட்டில் மலைநாட்டு உடையை அறவே விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அணிவகுப்புக்கு ஓர் அழகு வேண்டும்; பிள்ளைகளுக்கு அதில் மகிழ்ச்சியும் உண்டு. வகையறிந்து உடுத்தினால் போதும். என் பள்ளியில் நாங்கள் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன்.

துணியை மாற்றினோம். கம்பளியை நீக்கி, பருத்தியில் நெய்த கட்டத்துணியில் தைத்தோம். எட்டு கெஜம் எதற்கு? பிள்ளைகளுக்கு மூன்று கெஜம் போதுமென்று தையற்காரர் காட்டினார். கொசுவம் குறைந்தது, அசைவு குறையவில்லை. பெரியவர்கள் கம்பளியே வேண்டுமென்றால், மெல்லிய கம்பளியில் நாலைந்து கெஜத்தில் தைத்துக்கொள்வது நலம். இடுப்பைத் தொப்புளுக்குக் கீழே இறக்கி, இரண்டு விரல் நுழையும்படி தளர்த்தினோம். உள்ளே மெல்லிய பருத்தி அரைக்காற்சட்டை கட்டாயம் என்று விதித்தோம். மானத்துக்கும் அது காப்பு, தொடை உராய்வதற்கும் அது காப்பு. கறுப்புச் சட்டைக்கு மாற்றாக வெள்ளைப் பருத்தி அரைக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தான் திறந்தபடி. தோட்சால்வையைக் கைவிட்டு, நாலு விரல் அகலத்தில் அதே கட்டத்துணிப் பட்டை ஒன்றைக் குறுக்கே அணிவித்தோம். கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. கம்பளிக் காலுறையை நீக்கிக் குட்டையான பருத்திக் காலுறை தந்தோம். விளிம்பில்லாத தொப்பி வெயிலிலிருந்து கண்ணையும் காக்காது, பிடரியையும் காக்காது. சீக்கியப் படையின் பைக்குழல்காரர்கள் தம் தலைப்பாகையோடு கம்பீரமாக நடப்பதைக் கண்டிருக்கிறோம். நாமும் மெல்லிய வெள்ளைத் தலைப்பாகை கட்டினால் என்ன என்று கட்டினோம். துணியின் மடிப்புகளுக்கிடையே காற்று நின்று வெயிலைத் தடுக்கும் தலைக்கவசம் அது.

உடையை மாற்றியது பாதி. பழக்கத்தை மாற்றியது மறு பாதி. வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். ஆகவே விழாவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி வெயிலிற் பயிற்சி தந்தோம். முந்தின நாள் மட்டும் நான்கு மணி நேரம் வாட்டுவதை நிறுத்தினோம். வரிசையில் நிற்குமுன் ஒவ்வொருவருக்கும் உப்பிட்ட நீர்மோர் ஒரு குவளை. பின்பு இருபது நிமிடத்திற்கொரு முறை தண்ணீர். பழைய சோற்று நீராகாரம் குடித்துவிட்டு வந்த பிள்ளைகள் வெயிலை நன்றாகத் தாங்கினர் என்பதையும் கண்டேன். நீரும் உப்பும் ஒருசேர அமைந்த உணவல்லவா அது! நிற்கும்போது முழங்காலை விறைத்துக்கொள்ளாமல், காலைச் சற்றே மாற்றி மாற்றி ஊன்றக் கற்பித்தோம். அசையாமல் விறைத்து நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குச் செல்வது குறையும். மயக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். உடையைக் களைந்தபின் சுருட்டிப் பெட்டியில் வைக்காமல் நிழற்காற்றில் உலர்த்தினோம். இல்லையேல் வியர்வை உப்பு துணியையும் கெடுக்கும், மறுமுறை அணிபவன் தோலையும் கெடுக்கும்.

ஆபத்தின் அறிகுறிகளை எல்லா ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தள்ளாட்டம் ஆகியன முதல் எச்சரிக்கை. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடையைத் தளர்த்தி, தண்ணீர் தர வேண்டும். பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். அப்போது ஒரு நொடியும் தாமதியாது உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்து, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நினைவில்லாதவன் வாயில் நீர் ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

இத்தனை மாற்றங்களுக்குப்பின் எங்கள் வாத்தியக் குழு பல விழாக்களில் நடந்தது. நான் அங்கே இருந்தவரை ஒரு பிள்ளையும் விழவில்லை. தலைமை ஆசிரியனாகப் பொறுப்பேற்ற பின் வேறொரு விதியும் செய்தேன். விருந்தினர் வண்டி பள்ளி வாயிலைத் தொட்டபின்பே பிள்ளைகள் நிழலிலிருந்து வரிசைக்கு வருவர். விருந்தினர் இரண்டு நிமிடம் காத்திருக்க நேரும். பந்தல் நிழலில் நாற்காலியில் அமர்ந்து காத்திருப்பதால் எவருக்கும் மயக்கம் வருவதில்லை. தொடக்கத்தில் சிலர் முகம் சுளித்தனர்; பின்பு பழகிக்கொண்டனர்.

அன்று விழுந்த அந்தப் பையன் நலம் பெற்றுப் பள்ளிக்கு வந்தான். பத்தாம் வகுப்பு வரை நன்றாகவே படித்தான். புதிய உடை தைத்தபோது முதலில் அவனுக்கே அளவெடுக்கச் சொன்னேன். “வேணாம் சார்” என்று சொல்லிவிட்டான். முரசை அவன் மீண்டும் தொடவேயில்லை. வாத்தியக் குழு பயிற்சி செய்யும் மாலைகளில், வேப்பமரத்தடியில் நின்று சிறிது நேரம் கேட்டுவிட்டுப் போவான். துணியை மாற்றினேன், முறையை மாற்றினேன். அவன் மனத்தில் நான் செய்த காயத்தை மட்டும் மாற்ற இயலவில்லை.

நேயர்களே, உடையின் அழகு பார்ப்பவர் கண்ணுக்கு. அதன் சுமை உடுத்தியவர் உடலுக்கு. பிறர் நாட்டு உடையைப் பார்த்து மகிழலாம், வேண்டுமானால் உடுத்தியும் மகிழலாம். ஆனால் அவ்வுடையைப் பெற்ற நாட்டின் வானம் எது, நம் தலைக்கு மேலுள்ள வானம் எது என்பதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உடுத்த வேண்டும். அடுத்த ஆகஸ்டுத் திங்களில் உங்கள் ஊர்ப் பள்ளியின் மைதானத்தில் பிள்ளைகள் அணிவகுத்து நிற்கும்போது, தள்ளாடும் பிள்ளை எவனேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், நேராக நில் என்று சைகை காட்டாதீர்கள். கைப்பிடித்து நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கொடி சற்றுப் பொறுத்து ஏறினாலும் அதன் பெருமை குறையாது.